முட்டைமேல் பழி

வேலன் பல்லடம் பக்கம் ஒரு குஞ்சு பொரிப்பகத்தில் தட்டு தூக்குகிறவர். கரு வளர்ந்த முட்டைகளை மடியில் வைத்து பஸ்ஸில் கோவைக்குக் கொண்டுவருவார். மருந்தியல் ஆராய்ச்சி செய்யும் மகள் பொற்கொடி அவற்றை உடைத்து, துடிக்கிற இதயத்தில் புது மருந்தைச் சொட்டுவாள்.

ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயச் செல்லிலிருந்து பொட்டாசியம் வெளியேற வேண்டும். சிலருக்கு அந்த வழி மெதுவாகத் திறக்கும். திடீரென்று விழுந்து சாவார்கள். வழியைத் திறந்துவிடத்தான் இந்த மருந்து. குறைந்த அளவில் நன்றாகவே வேலை செய்தது. கொஞ்சம் கூட்டினால் இதயங்கள் தாறுமாறாக அடித்து நின்றன.

அதைக் கட்டுரையில் எழுதக் கூடாது என்றார் வழிகாட்டிப் பேராசிரியர் வேங்கடசாமி.

“முட்டை கெட்டது அம்மணி. உங்கப்பன் பஸ்ஸுல குலுக்கிக் கொண்டாந்தா நிக்காம என்ன பண்ணும்?”

“மருந்து போடாம வெச்சதும் அதே தட்டு முட்டைதானுங்க சார். அதெல்லாம் துடிச்சுதுங்களே.”

“பட்டம் வேணுமா, வேண்டாமா?”

“வேணுமுங்க.”

“அப்ப முட்டை கெட்டதுன்னு எழுது.”

“முடியாதுங்க. தோட்டத்துல மருந்து கூடிப் பயிரு கருகுனா, தோட்டத்துக்காரப் பண்ணாடி, மருந்து அடிச்ச கூலியாளு மேலதான் பழி போடுவாரு. இங்கயும் அதுதானுங்களா?”

வேங்கடசாமி வெளியே போகச் சொல்லிக் கை காட்டினார்.

சாயங்காலம் வீட்டில் விஷயத்தைக் கேட்ட வேலன் சாதாரணமாகச் சொன்னார். “பழியை எம்மேல போட்டுட்டுப் போ கண்ணு. எனக்கென்ன, புதுசா?”

“மனுசனுக்குக் குடுக்கப் போற மருந்துங்கப்பா. நாளைக்கு இன்னொரு தட்டு கொண்டாங்க. அவரு முன்னாலயே செஞ்சு காட்டறேன்.”

நின்றுபோன இதயங்களின் பதிவுகளையெல்லாம் அப்போதே அந்த மருந்தைத் தயாரிக்கும் கம்பெனிக்கு அனுப்பினாள். வேங்கடசாமிக்கும் ஒரு நகல்.

காலையில் ஆய்வகத்தில் புதுப் பூட்டு தொங்கியது. அப்பனும் மகளும் தட்டை நடுவில் வைத்து வராந்தாவில் உட்கார்ந்தார்கள். வேங்கடசாமி படியேறி வந்தார். வேலன் பதறி எழுந்து தோள் துண்டை எடுக்கப் போனார். பொற்கொடி அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

“உக்காருங்கப்பா.”

உட்கார்ந்தபடியே நிமிர்ந்து பார்த்தாள்.

“முட்டை ஆறிப்போகுதுங்க சார். சாவியை எடுங்க.”