உப்பளத்துக்குப் போன பந்துகள்

தெல்மு எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு ஆகஸ்ட் மாதம். வயது பத்தொன்பது. லிஸ்பனில் ஒரு பெரிய கால்பந்து கிளப்பின் ஆட்டக்காரன். மூன்றாம் பிரிவில் தத்தளித்துக்கொண்டிருந்த எங்கள் ஊர் அணிக்கு ஒரு பருவம் மட்டும் இரவலாகக் கொடுத்திருந்தார்கள். எங்கள் மகள் லக்சம்பர்க்குக்கு வேலைக்குப் போய்விட்டதால் மாடியறை காலியாகக் கிடந்தது. கிளப் செயலாளர் வந்து கேட்டார், சரியென்றேன்.

செர்ரி விளைகிற மலைப்பக்கத்துப் பையன் அவன். முதல் நாள் மத்தி சுட்டு வைத்தேன். தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இதுல முள்ளு நிறைய இருக்குமா, தோனா ஒத்தீலியா?" என்று மரியாதையாக என்னைக் கேட்டான்.

"முள்ளு இல்லாம அது எப்படிப்பா நீந்தும்?"

சிரித்துவிட்டு, அரை மணி நேரம் கத்தி நுனியால் ஒவ்வொரு முள்ளாக எடுத்து ஓரத்தில் அடுக்கினான். நான் மீன் சந்தையில் கடை போட்டிருப்பவள். என் வீட்டில் மீனுக்குப் பயப்படுகிற ஒரு பிள்ளை வந்து சேர்ந்ததை மறுநாள் சந்தை முழுக்கச் சொல்லிச் சிரித்தேன்.

அக்டோபர் வந்தபோது சந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. எட்டு ஆட்டம் ஆகியும் தெல்மு ஒரு கோல் போடவில்லை. எங்கள் மைதானத்தின் வடக்குக் கோலுக்குப் பின்னால் உப்பளம். உயர்த்தி அடித்தால் பந்து மதிலைத் தாண்டி உப்புத் தண்ணீரில் விழும். அவன் அடித்ததில் பாதி அங்கேதான் போய் விழுந்தது. அவனுக்கு உப்பு வியாபாரி என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

பக்கத்துக் கடை ஜெனவேவா கணவாயைக் கழுவிக்கொண்டே தினமும் ஆரம்பிப்பாள். "என்ன ஒத்தீலியா, உன் வீட்ல இனி உப்பு வாங்கவே வேணாம்போல?"

"உன் வாயில போட ஒரு கை எடுத்துட்டு வரேன் இரு."

"என்மேல ஏன்டி கோவப்படற? பேரு வச்சது நானா? உன் வீட்டுக்காரர் ஃபிர்மீனுவப் போய்க் கேளு."

நான் நம்பவில்லை. என் கணவர் வீட்டில் பேசுவதே குறைவு. முன்பு துறைமுகத்தில் மீன் ஏலம் கூவியவர் அவர். படகுக்காரர்கள் அக்கரையிலிருந்தே அவர் குரலை வைத்து விலையைத் தெரிந்துகொள்வார்கள். ஏலத்துக்கு மின்பலகை வந்த பிறகு அவரை ஐஸ் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். அதிலிருந்து அந்தக் குரல் எங்கே போனது என்று நான் யோசித்ததே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் மைதானத்துக்குப் போனேன். அவர் கண்ணில் படாமல் மூலையில் நின்றேன். மொத்தம் எழுநூறு பேர் இருப்பார்கள். தெல்மு பந்தைத் தொட்ட முதல் நிமிஷமே ஏலக் குரல் எழும்பியது. "ஏய் உப்பு வியாபாரி, மூட்டை கட்டிட்டியாடா? லிஸ்பனுக்குத் திரும்புற பஸ்ஸு எத்தன மணிக்கு?" சுற்றியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் கணவர் முகத்தில் பத்து வருஷமாக நான் பார்க்காத களை.

திரும்பி வரும் வழியில் பிடித்துக்கொண்டேன். "நம்ம வீட்டுச் சாப்பாடு சாப்பிடற புள்ளய இப்படியா பேசுவ?"

"வீட்ல அவன் தெல்மு. அங்க அவன் ஒன்பதாம் நம்பர்," என்றார்.

"அவன் காதுல விழுந்தா?"

"அத்தன கூட்டத்துல என் குரல் எங்க தெரியப்போகுது?"

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முட்டைக்கோசு சூப். ஃபிர்மீனு வழக்கம்போல ரொட்டியை வெட்டிப் பெரிய துண்டைப் பையன் பக்கம் தள்ளினார். தெல்மு அதை வாங்கிக்கொண்டு, "சென்யோர் ஃபிர்மீனு, இன்னைக்கு ரெண்டாவது பாதியில நீங்க சொன்னது சரிதான். இடது கால்ல அடிச்சிருக்கணும்," என்றான்.

அவர் கரண்டி பாதி வழியில் நின்றது. "நான் எங்கப்பா சொன்னேன்?"

"கத்துனீங்களே. எங்க கோல்கீப்பர் கத்துறதே எனக்குக் கேக்காது. உங்களோடது கேக்குது."

"எப்பலேர்ந்து?"

"செப்டம்பர்லேர்ந்து."

அவன் குத்திக்காட்டவில்லை. சூப்பை ஊதிக் குடித்துவிட்டு, கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு மாடிக்குப் போனான். ஃபிர்மீனு அடுப்பையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.  

அடுத்த ஞாயிறிலிருந்து அவர் வாயைத் திறக்கவில்லை. மைதானத்துக்குப் போவார், கைகளைக் கோட்டுப் பையில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மற்றவர்கள் கத்துவதை நிறுத்தவில்லை. கோலும் வரவில்லை.

ஜனவரி கடைசியில் லிஸ்பனிலிருந்து தொலைபேசி வந்தது. திங்கட்கிழமைக்குள் முடிவு சொன்னால் திரும்பி வந்து இளைஞர் அணியில் ஆடலாம் என்றார்கள். அதைக் கேள்விப்பட்டு அவன் அம்மா லூர்துஸ் சனிக்கிழமை பஸ் பிடித்து வந்துவிட்டாள். பள்ளிக்கூடச் சமையற்கட்டில் வேலை பார்க்கிற, கையும் தோளும் உரமேறிய பெண். ஆட்டுப் பாலாடைக்கட்டியும் தொத்திறைச்சியுமாக ஒரு பை நிறையக் கொண்டுவந்திருந்தாள்.

"புள்ள இளைச்சிட்டானே," என்றாள்.

"முள்ளு எடுக்கற நேரத்துல பசி போயிடுதுங்க," என்றேன். அதோடு நாங்கள் சிநேகிதிகளாகிவிட்டோம்.

மறுநாள் மூவருமாக மைதானத்துக்குப் போனோம். ஃபிர்மீனு நடுவில். அவள் வருகிறாள் என்று அவர் சவரம் செய்து, கழுத்துப்பட்டி வேறு கட்டியிருந்தார். பின்வரிசைக்காரர்களிடம், "இன்னைக்கு யாரும் வாயத் தொறக்கக் கூடாது. அவங்க அம்மா வந்திருக்காங்க," என்று முன்கூட்டியே எச்சரித்தும் வைத்திருந்தார். அதனால் முதல் பாதி முழுக்க எங்கள் பக்கம் பூசை நேரத்துத் தேவாலயம் மாதிரி அமைதியாக இருந்தது.

எழுபதாவது நிமிஷம் இருக்கும். வலது பக்கத்திலிருந்து வந்த பந்து எதிரணிக் கோல்கீப்பரின் கையிலிருந்து நழுவி, தெல்முவின் காலடியில் வந்து நின்றது. முன்னால் ஒருவரும் இல்லை. கோல் வாய் ஆறு கஜ தூரம். அவன் அடித்தான். பந்து கம்பத்துக்கு மேலே எழும்பி, மதிலைத் தாண்டிப் போயிற்று.

 ஃபிர்மீனுவின் கழுத்து நரம்பு புடைத்துத் துடித்தது. அவர் பக்கத்தில் லூர்துஸ் எழுந்து நின்றாள்.

"தெல்மு! எருமை மாடு கூட சாயங்காலம் ஆனா தொழுவத்து வாசலக் கண்டுபிடிச்சு வந்துரும்டா! இத்தாம் பெரிய வாசல் உன் கண்ணுக்குத் தெரியலியா? கண்ணத் தொறந்து அடிடா, தடிமாடே!"

நாற்பது பிள்ளைகளை ஒரே அதட்டில் உட்கார வைக்கிற குரல். மைதானம் முழுக்கக் கேட்டது. முதலில் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. பிறகு பின்வரிசையில் ஒருவன் சிரித்தான், அடுத்து மொத்த எழுநூறு பேரும். நடுவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். தெல்மு இடுப்பில் கை வைத்து எங்கள் பக்கம் திரும்பினான். அவனும் சிரித்துக்கொண்டிருந்தான். மைதானத்துக்குள் அவன் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன்.

"உங்க தொண்டைக்கு முன்னாடி நான் ஒண்ணுமே இல்லீங்க," என்றார் ஃபிர்மீனு.

"நீங்க ஏன் சும்மா இருக்கீங்க? ஊர்க்காரரு நீங்க கேக்கலன்னா யாரு கேப்பா?" என்றாள் அவள். அவ்வளவுதான். மீதி இருபது நிமிஷமும் இருவரும் மாறி மாறி அவனை வாங்கு வாங்கென்று வாங்கினார்கள்.

அன்றும் கோல் விழவில்லை. ஒன்றுக்குப் பூஜ்யம், தோல்வி. ஆனால் அவன் வீடு திரும்பியபோது நடை லேசாக இருந்தது. சாப்பாட்டு மேசையில் அம்மாவிடம் சொன்னான், "நான் லிஸ்பன் போகலம்மா."

"ஏன்டா? இங்க என்ன கிழிச்ச?"

"ஒண்ணும் கிழிக்கல. அங்க நான் தப்பா அடிச்சா யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க. குறிச்சுக்குவாங்க, அடுத்த வாரம் பேரு பட்டியல்ல இருக்காது. இங்க திட்டறாங்க, ஆனா அடுத்த வாரமும் வந்து உக்காந்திருக்காங்க."

லூர்துஸ் என்னைப் பார்த்தாள். நான் தொத்திறைச்சியை அவன் தட்டில் வைத்தேன். திங்கட்கிழமை காலை அவளைப் பக்கத்து நகரமான தவீராவில் பஸ் ஏற்றிவிட்டு வந்தோம்.

முதல் கோல் மார்ச் மாதம், வெளியூரில், கொட்டும் மழையில் வந்தது. சமையலறையில் ரேடியோ வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தோம். யாரோ அடித்த பந்து அவன் முழங்காலில் பட்டுத் திரும்பி உள்ளே போனதாம். வர்ணனையாளர் வேறு ஒருவன் பெயரைச் சொல்லி, பிறகு திருத்தினார். ஃபிர்மீனு எழுந்து வாசலுக்குப் போய்க் கடலைப் பார்த்து நின்றார். மாலையில் தெல்மு அழைத்தபோது தொலைபேசியை வாங்கிக் காதில் வைத்தவர், அப்படியே என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அதன் பிறகு ஆறு கோல் போட்டான். இரண்டு அழகானவை, மற்றவை சுமார். ஜெனவேவா அவனுக்கென்று நல்ல கணவாயாக எடுத்து வைக்க ஆரம்பித்தாள். வடக்கே இரண்டாம் பிரிவில் ஒரு கிளப் அவனைக் கேட்டு வந்தது. லிஸ்பனும் அவனை விடுவிக்கச் சம்மதித்தது.

ஆனால் அந்த ஏழு கோல் எங்கள் அணிக்குப் போதவில்லை. மே மாதக் கடைசி ஆட்டத்தில் சமன் செய்து, ஒரே ஒரு புள்ளி குறைந்ததால் நான்காம் பிரிவுக்கு இறங்கினோம். அன்று தெல்மு காலணியைக்கூடக் கழற்றாமல் வந்து சமையலறையில் உட்கார்ந்து அழுதான்.

"உனக்குத்தான் நல்ல இடம் கெடச்சிருச்சேப்பா," என்றேன்.

"செப்டம்பர்லயே ஒண்ணு போட்டிருந்தா, தோனா. ஒண்ணே ஒண்ணு."

 ஃபிர்மீனு கூடையிலிருந்து ஒரு ஆரஞ்சு எடுத்தார். அவன் எதிரே உட்கார்ந்து, தோலை உரித்து, நாரெல்லாம் எடுத்து, ஒவ்வொரு சுளையாக மேசைக்கு அந்தப் பக்கம் தள்ளினார். அழுதுகொண்டே அவன் ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றான்.