நடுச்சுவரில் வெயில்

1

இந்தக் கதைக்குக் காரணம் இலக்கிய ஆர்வம் அல்ல, என் நாத்தனாரின் வாய். நிலக்காட்சிகளைப் படமெடுத்துக் கலைக்கூடங்களில் மாட்டி, அதிலேயே பிழைத்துக் காட்டுவேன் என்று கல்யாண ஆல்பம் போடும் ஸ்டூடியோ வேலையை விட்டவள். இன்று காரில் வரும்போது, "ஊர்ல எல்லாரைப் பத்தியும் எழுதறீங்க. என்னைப் பத்தியும் எழுதுங்களேன் அண்ணி" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்தேன். முதல் வரி:

ஏரியின் மேல் பனிமூட்டம் ஒரு மெல்லிய

(நிறுத்திவிட்டேன். இந்த மூட்டம்தான் அவளைப் பிடித்த பீடை. நானும் அதிலேயே ஆரம்பித்தால் எப்படி?)

2

நேராகவே சொல்கிறேன். ஒரு விடிகாலையில், மூட்டத்தில் பாதி மறைந்த ஏரியைப் படமெடுத்தாள். ஒரு பல் மருத்துவர் அதை வாங்கி, நோயாளிகள் காத்திருக்கும் அறையில் மாட்டினார். அங்கே பார்த்த ஓட்டல்காரர் ஒருவர் இன்னொன்று கேட்டார். பிறகு கலைக்கூடக்காரரே கூப்பிட்டார். தனிக் கண்காட்சி. அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

"எல்லாமே மூட்டமா இருக்கட்டும்மா. அதுதான் உங்க கையெழுத்து" என்றார் அவர்.

வாரக்கணக்கில் விடியலில் போய் நின்றாள். மூட்டமும் சொன்ன பேச்சுக் கேட்டு வந்தது. "பட்டனை அழுத்தறேன் அண்ணி, உள்ள ஒண்ணுமே நடக்கல. பல் தேய்க்கற மாதிரி இருக்கு." (பல் மருத்துவருக்காக நான் செருகிய உவமை என்று நினைக்காதீர்கள். அவள் சொன்னதுதான்.)

ஒருநாள் கார் மக்கர் செய்தது. மெக்கானிக் வருவதற்குள் உச்சி வெயில். மூட்டம் விலகிய ஏரியை அன்றுதான் முழுசாகப் பார்த்தாள். வற்றி, சேறு வெடித்துக் கிடந்தது. பாதி புதைந்த லாரி டயருக்குள் தேங்கிய நீரில் ஒரு பறவை குளித்துக்கொண்டிருந்தது. வண்டி தயாராகி மெக்கானிக் ஹாரன் அடித்தும் அவள் திரும்பவில்லை.

3

(கலைக்கூடக்காரரை வில்லனாக்கி ஒரு பத்தி எழுதினேன். அடித்துவிட்டேன். அவர் நல்ல மனிதர். அதுதான் சிக்கல்.)

"வெயில தெருவுலயே பாத்துக்கறாங்கம்மா. அதை வீட்டுல மாட்ட யாரு வாங்குவா?" என்றார், அவள் கொண்டுபோய்க் காட்டிய டயர் படத்தைப் பார்த்து, அன்பாகவே.

அவள் கணவரும் கெஞ்சினார். "இந்த ஒரு தடவை அவர் இஷ்டத்துக்கு விட்டுடேன். அடுத்த தடவை உன் இஷ்டம்."

"அடுத்த தடவையும் மூட்டம்தான் கேப்பாங்க."

4

நாளை திறப்பு விழா. இன்று மதியம் கலைக்கூடத்தில் அவளுக்கு நான் ஏணி பிடித்தேன். நடுச்சுவரில் இருந்த மூட்டத்தை இறக்கிவிட்டு டயர் படத்தை மாட்டினாள். அறை முழுவதும் புது வெளிச்சம் பரவியது போல எனக்கு

(பொய். எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.)

கலைக்கூடக்காரர் வந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நல்ல படம்தான். ஆனா இது இங்க இருந்தா மத்ததெல்லாம் பொய்யாத் தெரியுதேம்மா?"

"ஆமா சார். எனக்கும் அப்படித்தான் தெரியுது."

"அப்ப இதை இறக்குங்க."

ஏணியை நகர்த்தச் சொன்னாள். நகர்த்தினேன். ஏறி, பக்கத்திலிருந்த மூட்டத்தை இறக்கினாள். பிறகு அதற்கடுத்ததை.

"என்னம்மா பண்றீங்க? நாளைக்கு ஆளுங்க வராங்க!"

ஏணியை இன்னும் தள்ளச் சொன்னாள். கடைசியில் அவ்வளவு பெரிய கூடத்தில் ஒரே ஒரு படம் மிஞ்சியது. அவர் வாசலில் போய் நின்றுகொண்டார். "இதையாவது விட்டு வைங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தோம்.

5

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில், அந்த ஒற்றைப் படத்தின் முன்னால் கூட்டம் வாயடைத்து நிற்கிறது. "சினிமா" என்றாள். இன்னொன்றில், பழைய ஸ்டூடியோவில் உட்கார்ந்து மணப்பெண்ணின் முகப்பருவை அழித்துக்கொண்டிருக்கிறாள். படித்தாள். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

இறக்கிய படங்கள் எங்கள் வீட்டுக் கூடத்தில் சோபாவுக்குப் பின்னால் சாய்ந்து நிற்கின்றன. மேசைமேல் அவள் போன் அடிக்கிறது. கலைக்கூடக்காரர்.

"மன்னிப்புக் கேக்கச் சொல்லுவாரா, இல்ல நாளைக்கு வரச் சொல்லுவாரா? எடுக்கவா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்க அண்ணி."

எனக்குத் தெரியவில்லை. தெரியாததால்தான் இவ்வளவு நேரம் எழுதிக்கொண்டிருக்கிறேன். அவள் கை போனுக்கு மேலேயே நிற்கிறது. நீங்கள் கொஞ்சம் சொல்லுங்களேன், சீக்கிரம், மணி நின்றுவிடப்போகி