மூன்று வீட்டுக்கு மேளம் இல்லை

1

இந்தக் கதை ஒரு சுளகில் தொடங்கியது. அரிசி புடைக்கிற சுளகு. எழுதுகிறவன் சண்முகநாதன். இணுவில்காரன், பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவன். 'நான்' என்று இரண்டு முறை தொடங்கிப் பார்த்தான். இரண்டு முறையும் எழும்பித் தேத்தண்ணி போடப் போய்விட்டான். ஆகவே இனி 'அவன்'.

2

முதல் தொடக்கம்: 'இசையானது மனித வாழ்வின் ஒவ்வொரு…' [அடித்துவிட்டான். பரீட்சைக் கட்டுரை.]

இரண்டாவது: வானொலியில் செய்தி பிந்தினால் வீணை. பெரிய மனிதர் செத்தால் நாள் முழுக்க வயலின். ஐஸ்பழக்காரனுக்கு மணி, செத்தவீட்டுக்குப் பறை, தாலி கட்டத் தவில். யாழ்ப்பாணத்தில் எது நடந்தாலும் யாராவது எதையாவது அடிக்க வேண்டும், அல்லது ஊத வேண்டும். [இது இருக்கட்டும்.]

3

கமலாவதி அவன் மனைவி. ஒழுங்கையால் மேளம் போனால் சுளகை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வாசல் படலைக்கு ஓடுவாள். தவில்காரர் ஏரம்புவைப் பார்த்துப் பார்த்துச் சுளகில் அடிப்பாள். தாளம் ஒருநாளும் சரிவந்ததில்லை. ஏரம்பு சிரிப்பில் இரண்டு அடி தவறவிட்டு, மூன்றாவதில் வந்து ஒட்டிக்கொள்வார். நாதஸ்வரம் ஊதும் அளவெட்டித் தியாகராசா முறைப்பார். வாயில் சீவாளி இருக்கும்போது வேறென்ன செய்வது?

[அவளை இன்னும் கொஞ்சம் நல்லவளாக எழுதலாமோ என்று யோசித்தான். புட்டும் அவளுக்குச் சரிவராது. அதுவும் இருக்கட்டும்.]

பங்குனியில் காய்ச்சல். நாலாம் நாள் செத்துப்போனாள். [அடுத்த வசனம் அடிக்கப்பட்டது.]

4

செத்தவீட்டைக் கடக்கையில் மேளத்தை நிறுத்துவார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியோடு அது முடியவேண்டும். ஆனால் தியாகராசா நல்ல மனிதர். ஏழு மாதமாகியும் நிறுத்தினார். அதுவும் ஒரு வீடு முன்னதாக நிறுத்தி, ஒரு வீடு தள்ளித்தான் தொடங்கினார். இடையில் வெறும் செருப்புச் சத்தமும் இருமலும். அவள் இல்லையென்பது அவனுக்குச் சுடலையில் விளங்கவில்லை, அந்தியேட்டியிலும் விளங்கவில்லை. இந்தச் செருப்புச் சத்தத்தில்தான் —

[வசனம் இதற்குமேல் போகவில்லை.]

5

பக்கத்து வீட்டுப் பூரணத்தின் மகளுக்கு ஐப்பசியில் கலியாணம். பூரணம் வேலியடிக்கு வந்து, சாப்பிட்டாயா, கிணற்றில் தண்ணீர் ஊறுகிறதா என்றெல்லாம் விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தாள்.

"தம்பி, குறை நினையாதை. உன்ரை மனுசி செத்ததுக்கு என்ரை மருமோன் ஊமைப்படம் மாதிரியோ வந்து இறங்கிறது?"

நியாயம். அவன் சைக்கிளில் அளவெட்டிக்குப் போனான். தியாகராசா சீவாளிக்கு நூல் கட்டிக்கொண்டிருந்தார். செத்தவீட்டுத் துடக்கு எப்போதோ கழிந்துவிட்டது, இனி ஊதலாம் என்று அவன் சொன்னான். அவர் நிமிரவில்லை.

"மாஸ்ரர், துடக்குக்கோ நான் நிப்பாட்டுறன்? உங்கடை வேலி தெரிஞ்ச உடனை உவன் ஏரம்பு படலையைப் பாக்கிறான். தாளம் போயிடுது. பிறகு அடுத்த வீடு தாண்டினாத்தான் கைக்கு வருது."

"அப்ப என்ன செய்யிறது, அண்ணை?"

"ஆரும் படலையிலை நிண்டால் சமாளிப்பான்."

"ஆர் நிக்கிறது?"

"உங்கடை வீடுதானே" என்றார்.

6

முடிவு ஒன்று: கலியாணத்தன்று அவன் வீட்டைப் பூட்டிவிட்டு மானிப்பாய்க்கு பஸ் ஏறுகிறான். பூரணம் ஆயுளுக்கும் அவனோடு பேசமாட்டாள். [இதில் சில நன்மைகள் உண்டு.]

முடிவு இரண்டு: படலையில் நிற்கிறான். மேளம் முழங்குகிறது. கண்ணீர் ஆறாக… [கிழித்தாகிவிட்டது.]

முடிவு மூன்று: இல்லை. ஏனென்றால் கலியாணம் இன்றைக்கு. இதை எழுதும்போதே சந்தியில் மேளம் கேட்கிறது. சங்கக்கடையைத் தாண்டிவிட்டது. பூரணம் நிறைகுடத்துக்குப் பக்கத்தில் நின்று வேலிக்கு மேலால் இங்கே எட்டிப் பார்க்கிறாள்.

சுளகை அடுக்களையிலிருந்து எடுத்து வந்தாயிற்று, மேசையில் கிடக்கிறது. அவனுக்கும் தாளம் வராது.

மேளம் நிற்கிறதா இல்லையா என்பதை வாசிக்கிறவர்களே கேட்டுக்கொள்ளுங்கள். எழுதுகிறவன் பேனையை வைக்கவேண்டும். இதற்கு இரண்டு கையும் வேண்டும்.