சமையலறை போகிற இடம்

அந்த வீட்டின் சமையலறை முதன்முதலாக வெளியே கிளம்பிப் போனது ஒரு புதன்கிழமை சாயங்காலம், தெருவிளக்குகள் எரியத் தொடங்கிய நேரத்தில். எதிர்வீட்டுத் தையல்காரி தன் கண்ணால் பார்த்தாள். வீட்டின் பின்பக்கத்திலிருந்து கழன்று, சந்து வழியாக வந்து, ஒரு லாரி போகும்வரை ஓரமாக நின்று, பிறகு நிதானமாகத் தெருவைக் கடந்தது. அடுப்பு, தொட்டி, பாத்திர அலமாரி எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. மேசையைச் சுற்றி மூன்று பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தார்கள். கடைக்குட்டி ஜன்னல் வழியாகக் கையசைத்தாள். தையல்காரியும் கையசைத்துவிட்டுச் சட்டைக்குக் காஜா எடுப்பதைத் தொடர்ந்தாள்.

இப்படி ஆனதற்குப் பெற்றவர்களைத்தான் சொல்லவேண்டும். அம்மா நகரப் பேருந்து ஓட்டுகிறவள், அப்பா லிஃப்ட் மெக்கானிக். கல்யாணமான புதிதில் இருவரும் ஒரு விதி வைத்துக்கொண்டார்கள்: யார் முதலில் வீடு திரும்புகிறார்களோ அவர்கள் அடுப்பைப் பற்றவைப்பது. விதி நல்ல விதிதான். ஆனால் அந்த மனிதர் அன்றிலிருந்து ஒருநாளும் முதலில் வீடு திரும்பவில்லை. வேலை முடிந்தாலும் தெருமுனையில் யாரையாவது பிடித்துவைத்து ஊர்க்கதை பேசுவார், வீட்டுக் குக்கர் விசிலடித்த பிறகே செருப்பைக் கழற்றுவார். மூன்றாவது பிள்ளை பிறந்த பிறகுதான் மனைவிக்கு இது உறைத்தது. அவளும் சளைத்தவளா? கழுவிய பேருந்தையே மறுபடி கழுவிக்கொண்டு நின்றாள். கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, தெருமுனையில் நிறுத்திவைத்திருந்த ஒரே வேனுக்குப் பின்னால் ஒளிந்திருந்த புருஷனும் பெண்டாட்டியும் முட்டிக்கொண்டார்கள். சிரித்துக்கொண்டேதான் வீட்டுக்குப் போனார்கள். உள்ளே பிள்ளைகள் பிஸ்கட் பாக்கெட்டைக் காலி செய்துவிட்டு மேசைமேல் தலைவைத்துத் தூங்கியிருந்தார்கள். இருவருக்கும் முகம் தொங்கிப்போயிற்று. அடுத்த நாள் சமையலறை இவர்களை நம்பிக் காத்திருக்கவில்லை.

அது நேராகப் பேருந்து நிலையத்துக்குப் போய், அம்மா வண்டியை நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்தில் நின்றது. இரண்டு ட்ரிப்புக்கு நடுவே அவளுக்குக் கொஞ்சம் ஓய்வு உண்டு. இறங்கி வந்து பார்த்தவள், “கிளம்பறதுக்கு முன்னாடி கேஸை அணைச்சீங்களா?” என்று மட்டும் கேட்டாள். “அணைச்சிட்டோம்மா,” என்றாள் பெரியவள். அம்மா கைகழுவி, முட்டையில் வெங்காயம் போட்டு அடித்து ஊற்றி, ரொட்டியைச் சுட்டு, நான்கு பேருமாகச் சாப்பிட்டு, நேரத்துக்கு வண்டியை எடுத்தாள். சமையலறை பிள்ளைகளோடு வீட்டுக்குத் திரும்பியது. மறுநாளும் வந்தது. அரிசியும் கையில் கிடைத்த காயும் ஒரே குக்கரில் ஒருநாள், வெண்ணெய் போட்டு மசித்த உருளைக்கிழங்கு இன்னொரு நாள் என்று போயிற்று. அந்த ஓய்வுக்குள் ஆகாத எதையும் அவள் சமைக்கவில்லை, பிள்ளைகளும் கேட்கவில்லை. பயணிகள் இரண்டு பேர் புகார் சொன்னார்கள். நிலைய மேலாளர் வந்து பார்த்தார், தலையைச் சொறிந்தார், தரையில் வெள்ளைக்கோடு போட்டு அதற்கென்று ஓர் இடம் ஒதுக்கிவிட்டுப் போனார். குழாயில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. வருகிற தண்ணீரைக் கேட்பானேன்?

இரண்டு வருஷம் இப்படி ஓடியது. அப்பா வேலை முடிந்து பேருந்து நிலையத்துக்கு நடந்து போய்த் தன் தட்டை வாங்கிக்கொள்வார். வயிற்றுக்குக் குறைவில்லை, மனசுக்குத்தான் ஆறவில்லை. ஒருநாளாவது அது தன்னைத் தேடி வந்ததா? முதலில் அதையே வேடிக்கையாகச் சொல்லித் திரிந்தார், பிறகு சொல்வதை நிறுத்திவிட்டார். ஒருநாள் மனைவியிடம், “அதுக்கு என்னைக் கண்டா ஆகல,” என்றார். அவள் தட்டைக் கழுவிக்கொண்டே, “ஆகாதுன்னு இல்லீங்க. நீங்க என்னிக்காவது ஒரு வெங்காயம் உரிச்சிருக்கீங்களா? அதுக்கு உங்க முகமே தெரியாது,” என்றாள். அவருக்குச் சுருக்கென்றது.

அந்தச் சமயத்தில்தான் அவளுக்கு மலைப்பாதை வண்டி கிடைத்தது. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவள் ஆசைப்பட்ட வண்டி அது. காலையில் எடுத்தால் மலையைத் தாண்டிப் போய், மறுநாள்தான் திரும்பமுடியும். அடுத்த வாரத் திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லச் சொன்னார்கள். “பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு இது என் பின்னாடியே மலையேறி வரும். நான் வேண்டாம்னு சொல்லிடறேன்,” என்றாள். பிள்ளைகளை வேறு அறையில் உட்காரவைத்தும் பார்த்தார்கள். அவர்கள் வந்து ஏறும்வரை சமையலறை சந்தில் நின்றுகொண்டு தட்டுகளை உருட்டியது. அவள் அழவில்லை, ஆனால் அன்று பேருந்தை வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினாள். நிலையத்தில் நின்று அதைப் பார்த்த பிறகு கணவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. “ஒரு வாரம் பொறும்மா,” என்றார்.

அந்த வாரம் முழுக்க அவர் வேலை முடிந்ததும் யாரிடமும் வாய் கொடுக்காமல், சமையலறை கிளம்புமுன் வீட்டுக்கு ஓடிவந்தார். வெங்காயம் உரித்தார், அரிசி களைந்தார், எப்போது தீயைக் குறைப்பது என்று பெரியவளிடம் கேட்டுக் கேட்டு அவள் உயிரை வாங்கினார். இரண்டு தடவை அடிப்பிடிக்க விட்டார். “அப்பா, இது சாம்பாரா சாம்பலா?” என்று நடுப்பையன் கேட்டதற்குக்கூடக் கோபப்படவில்லை. யாரும் பார்க்காதபோது சுவரைத் தொட்டு, “நானும் இந்த வீட்டு ஆள்தாங்க,” என்றார். பிறகு அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்க்கப் போனார்.

சனிக்கிழமை ஒரே ஒரு நடை ஓட்டிப் பார்க்கச் சொல்லி அம்மாவுக்கு மலைவண்டியைக் கொடுத்தார்கள். அவர் சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிடுவதாகச் சத்தியம் செய்திருந்தார். ஆனால் சாயங்காலம் ஓர் அலுவலகக் கட்டடத்தின் உச்சி மாடிக்குப் பக்கத்தில் லிஃப்ட் மாட்டிக்கொண்டது, உள்ளே ஆட்கள். விட்டுவிட்டு வரமுடியுமா? இருட்டுவதைப் பார்த்துக்கொண்டே, பல்லைக் கடித்துக்கொண்டு வேலை செய்தார். இந்நேரம் அது பிள்ளைகளோடு நெடுஞ்சாலையில் ஏறியிருக்கும் என்று நினைத்து நினைத்து ஸ்பானரை இரண்டு தடவை கீழே போட்டார்.

தெருமுனையில் சமையலறை வெகுநேரம் நின்றதாகத் தையல்காரி சொல்கிறாள். பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. அது நெடுஞ்சாலைப் பக்கம் கொஞ்சம் நகர்ந்தது, நின்றது, பிறகு திரும்பி, அலுவலகங்கள் இருக்கிற பக்கம் போனது.

லிஃப்ட் கதவைத் திறந்து ஆட்களை இறக்கிவிட்டு அவர் நிமிர்ந்தபோது, வராந்தாவில், தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில், சமையலறை நின்றுகொண்டிருந்தது. காவலாளி மட்டும், “ஆபீஸ் மூடறதுக்குள்ள எடுத்துடுவீங்கல்ல சார்?” என்று கேட்டுவிட்டு நகர்ந்தார். “அப்பா, பசிக்குது,” என்றாள் கடைக்குட்டி. அவர் கையிலிருந்த கிரீஸை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினார். உருளைக்கிழங்கை வேகவைத்து, முட்டையை உடைத்து ஊற்றினார். அழுதுகொண்டேதான் சமைத்தார், அதை மறைக்கவும் இல்லை. லிஃப்டில் மாட்டிக்கொண்டிருந்தவர்களுக்கும் ஆளுக்கொரு தட்டு போயிற்று.

மலைக்கு அந்தப்பக்கத்து அடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு அவள் போன் செய்தாள். அதுவரை வழி நெடுகப் பக்கக் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து அவளுக்குக் கழுத்து வலித்தது.

“பிள்ளைங்க சாப்பிட்டாங்களா?”

“சாப்பிட்டாச்சு. உப்புதான் கொஞ்சம் கம்மி.”

“சமையலறை எங்கங்க நிக்குது?”

“என்கூடத்தான் நிக்குது,” என்றார்.

அவள் போனை வைத்துவிட்டு, கீழே நின்ற பயணிகளை ஏறச் சொன்னாள்.