நாற்பதாயிரத்தில் தொடங்கிய சார்ட்

வாடிக்கையாளர்களின் தண்ணீர், மின்சார, எரிவாயுச் செலவுகளைத் தொகுத்து அறிக்கை தருவது எங்கள் அலுவலக வேலை. சலவை ஆலை முதலாளிக்குப் பதினோரு வருடமாக அட்டவணை போட்டுக் கொடுத்தவன் நான். ஓர் எண் பிசகாது. அவர் அதை ஒருநாளும் முழுசாகப் படித்ததில்லை என்பது வேறு விஷயம்.

என் மனைவியின் தம்பிக்கு எங்கள் அலுவலகத்தில் வேலை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். ஆறே மாதத்தில் அவன் கலர் கலராகச் சார்ட் போட்டு எல்லோரையும் கவர்ந்துவிட்டான். வருகிறவர்கள் என்னைத் தாண்டிப் போய், "தம்பி இல்லையா?" என்று கேட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன். சலவை ஆலையை இனி யார் பார்ப்பது என்று அந்த முதலாளியே முடிவு செய்யட்டும் என்று மேலாளர் சொன்னதும் தூக்கமே போய்விட்டது.

முதலாளி முடிவு சொல்ல வருவதற்கு முந்தின நாள் மாலை அவன் எங்கள் வீட்டுக்கு வந்து மடிக்கணினியைத் திறந்தான்.

"மாமா, நாளைக்கு இதைத்தான் காட்டப் போறேன். தப்பு ஏதாவது இருந்தா சொல்லுங்க."

தண்ணீர்ச் செலவு, மாதத்துக்கு ஒரு பட்டை. அடிக்கோடு சுழியத்தில் இல்லை, நாற்பதாயிரத்தில் இருந்தது. அதனால் நாற்பத்திரண்டாயிரம் நாற்பத்தாறாயிரமானது மூன்று மடங்கு ஏறியதுபோல நின்றது.

"பிரமாதம்டா," என்றேன். அவன் போனபிறகு மனைவியிடம் விஷயத்தைச் சொல்லிச் சிரித்தேன். அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

மறுநாள் சார்ட்டைப் பார்த்த முதலாளி பதறிப்போனார்.

"என்னப்பா, மூணு மடங்கா? முதல்ல ஆலையில புதுசா போட்ட மெஷினை நிறுத்தச் சொல்றேன்," என்று போனை எடுத்தார்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு அட்டவணையை நீட்டினேன். "பத்து சதவீதம்கூட ஏறல சார். சார்ட்டே நாப்பதாயிரத்துலதான் ஆரம்பிக்குது."

முதல்முறையாக அவர் என் அட்டவணையை வரிவரியாகப் படித்தார். பொறுப்பு எனக்கே வந்தது. மைத்துனன் முகம் சுண்டிப்போனதைப் பார்க்க இனித்தது.

சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்தான். சண்டைக்குத்தான் வருகிறான் என்று நினைத்தேன்.

"மாமா மட்டும் கவனிக்கலன்னா மெஷினையே நிறுத்தியிருப்பாங்கக்கா," என்றான். "நேத்து காட்டினப்ப அவர் கண்ணுலயே படல. இன்னைக்கு எப்படித்தான் பிடிச்சாரோ."

தேநீரை அவன் கையில் கொடுத்த மனைவி நிமிர்ந்தாள்.

"நேத்தே பிடிச்சுட்டாரேடா. நீ போனதும் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. உங்கிட்டயும் சொல்லியிருப்பாருன்னுல்ல நினைச்சேன்."

அவன் தேநீரைக் குடிக்காமல் மேசையில் வைத்தான். எழுந்தான்.

"அப்ப நான் வரேன் சார்," என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனான்.