ஒரு சாண் உயரம்

"கைப்பிடியைப் பிடிங்க, சீக்கிரம்! வண்டிக்காரர் கீழே எவ்வளவு நேரம் நிப்பாரு?" என்று மகள் கத்தினாள்.

லிஃப்ட் இரண்டு நாளாக ஓடவில்லை. மூன்றாம் மாடியிலிருந்து அப்பாவின் சவப்பெட்டியைப் படிவழியாகத்தான் இறக்க வேண்டும். நாற்பது வருடம் கிரேன் ஓட்டி ஊர் இரும்பையெல்லாம் ஏற்றி இறக்கியவருக்குக் கடைசியில் இறங்கிப் போக ஒரு லிஃப்ட் இல்லை. இதைக் கேட்டிருந்தால் அவரே முதலில் சிரித்திருப்பார்.

மகளுக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பாவைக் கோணாமல், சாயாமல், எங்கும் இடிக்காமல் கீழே கொண்டுபோக வேண்டும். இனி அவருக்கென்று அவள் செய்ய அது ஒன்றுதான் மிச்சம். அம்மாவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு முன்னால் இரண்டு படி இறங்கி நின்றாள். பின்னால் பெட்டி வரட்டும்.

"ம், தூக்குங்க."

"நில்லும்மா," என்றார் சித்தப்பா.

அவர் தரையில் நின்று அப்பாவின் கிரேனுக்குச் சைகை காட்டிய ஆள். வலக்கையில் மூன்று விரல்கள்தான். அது அப்பா செய்த தப்பு. ஒருநாள், மழை வருவதற்குள் முடித்துவிடும் அவசரத்தில், தம்பி கை உயர்த்தித் தடுத்ததைக் கவனிக்காமல் குழாய்க்கட்டைத் தூக்கிவிட்டார். அது ஆடி வந்து இரண்டு விரல்களை நசுக்கியது. அப்பா மன்னிப்புக் கேட்டதை யாரும் பார்த்ததில்லை. ஆனால் அதன்பிறகு அந்தக் கை முன்னால் நிற்காமல் அவர் எதையும் தூக்கவில்லை. வேறு ஆள் சைகை காட்ட வந்தால் கேபினிலேயே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். தினமும் தன் தப்பைப் பார்த்துக்கொண்டே வேலை செய்த மனிதர்.

"இப்ப எதுக்கு சித்தப்பா நிக்கணும்?"

"உங்கப்பா எந்தச் சுமையையும் முதல்ல ஒரு சாண் தூக்கி நிறுத்துவாரு. தெரியும்ல?"

"பிரேக் பிடிக்குதான்னு பாக்க. தெரியும்."

"அது பாதி. கண்ணை மூடிக்கிட்டு 'தூக்கட்டுமா'ன்னு கடவுள்கிட்ட கேப்பாரு. உன் கல்யாணப் பேச்சு வந்தப்பவும் அதான், ரெண்டு நாள் வாயே திறக்கல."

அவளுக்கு நினைவிருந்தது. அப்போது அப்பாவைக் கல்லுளிமங்கன் என்று திட்டியிருந்தாள்.

"பதில் வருமான்னு நான் கிண்டல் பண்ணேன். 'ஒரு சாண்ல கேட்டா இறக்கி வச்சுடலாம். உச்சிக்குக் கொண்டுபோயிட்டுக் கேட்டா, பதில் வந்தும் என்னடா பிரயோஜனம்'னாரு."

கீழே ஹாரன் அடித்தது. மகள் கீழே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"சரி. ஒரு சாண்."

ஆறு பேர் தூக்கினார்கள். மூன்று விரல் கை உயர்ந்தது. பெட்டி நின்றது. அவள் கணவர் உட்பட எல்லோரும் அந்தக் கையையே பார்த்தார்கள். மகள் கண்ணை மூடினாள். என்ன கேட்பது, எப்படிக் கேட்பது? பழக்கமில்லை. 'தூக்கட்டுமா' என்று அப்பாவின் வார்த்தையையே கடன் வாங்கிக் கேட்டாள்.

கிறீச்சென்றது. பின்பக்கக் கைப்பிடி ஆணிகளோடு பிய்த்துக்கொண்டு வர, பெட்டி தொப்பென்று தரையில் அமர்ந்தது. ஒரு சாண்தான். மூடிமேல் வைத்திருந்த பூக்கூட நகரவில்லை.

 மகள் திரும்பிப் பார்த்தாள். கீழே செங்குத்தாக இறங்கும் படிகள், அவற்றின் உச்சியில் அவளும் அம்மாவும். அம்மாவை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருடம் அந்தக் கேபினுக்குள் அப்பா யாரோடு பேசிக்கொண்டிருந்தார் என்று இப்போதுதான் நினைத்துப் பார்த்தாள்.

அம்மா மெல்லச் சொன்னாள். "இப்பவும் கேட்டுட்டுத்தான் கிளம்புறாரு."

கயிறு வந்தது. பெட்டிக்கு அடியில் கொடுத்து இரண்டு சுற்றுச் சுற்றினார்கள். மகள் அம்மாவைப் பக்கத்து வீட்டம்மாவோடு முதலில் கீழே அனுப்பிவிட்டு, பெட்டிக்குப் பின்னால் வந்து நின்றாள். மறுபடியும் ஒரு சாண். மறுபடியும் நிறுத்தம். ஹாரன் மூன்று முறை அடித்தது. அவள் கண் திறக்கும்வரை சித்தப்பா கையை இறக்கவில்லை.

"போலாம் சித்தப்பா."

மூன்று விரல் காட்டிய வழியில் பெட்டி படிப்படியாக இறங்கியது. சுவரில் ஒரு கீறல்கூட விழவில்லை.

வண்டியின் கதவு சாத்தப்பட்டது. சித்தப்பா இரண்டு கைகளையும் வயிற்றுக்கு முன்னால் கோத்துக்கொண்டார். 'வேலை முடிஞ்சது, இறங்கி வா' என்று கிரேன்காரருக்குக் காட்டும் சைகை அது. வண்டி தெருமுனை திரும்பும்வரை கையைப் பிரிக்காமல், அண்ணாந்து பார்த்தபடியே நின்றார்.