மூன்றாவது கை

பேருந்து ஓட்டுநருக்கு வீட்டில் ரேடியோ செய்வதுதான் பொழுதுபோக்கு. மாலையில் அவர் ஈயத்தை உருக்கிக் கம்பிகளை ஒட்டும் சால்டரிங் அயனைச் சூடேற்றினால், தையற்காரியான மனைவி துணியைப் போட்டுவிட்டு வந்து இடுக்கியால் கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். "எனக்கென்ன நாலு கையா இருக்கு?" என்று அவள் அலுத்துக்கொள்ளாத நாளில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு தாங்கி வாங்கி வந்தார். கனமான அடிப்பாகம், கம்பியைக் கவ்விப் பிடிக்க இரண்டு முதலைக் கிளிப்புகள், நடுவில் பூதக்கண்ணாடி.

"இதுக்குப் பேரே மூணாவது கையாம். இனிமே உனக்குத் தொந்தரவே இல்லம்மா."

அவளுக்குச் சுருக்கென்றது. தையல் மெஷினில் போய் உட்கார்ந்தாலும் வேலை ஓடவில்லை. எழுந்து வந்து பூதக்கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தாள். ஈயம் ஒட்டாமல் உருண்டையாக நின்றது.

"என்னங்க இது, அறுந்த பொத்தான் மாதிரி தொங்குது?"

"நல்லாத்தானே வச்சேன்!"

"தள்ளுங்க, நான் வைக்கிறேன்."

முதல் முறை ஈயம் வழிந்தது. அவர் அதை உறிஞ்சு பம்பால் எடுத்துவிட்டு, "முதல்ல கம்பியைச் சூடாக்கு, அப்புறம் ஈயத்தைக் காட்டு," என்றார். அடுத்த முறை ஈயம் பளபளவென்று படிந்தது. ரேடியோ கரகரத்தது; பிறகு யாரோ வானிலை சொல்லத் தொடங்கினார்.

"நாளைக்கு மழையாம்," என்று சிரித்தார் அவர்.

"மழையோ வெயிலோ, வேலை முடிஞ்சு வரும்போது எனக்குன்னு தனியா ஒரு சால்டரிங் அயன் வாங்கிட்டு வாங்க," என்றாள் அவள்.